மகாச்கலாவுக்கு வந்த மகாராஜாக்கள்

2011 ஆகஸ்ட் மாதக் கடைசியில், உலகத்திலேயே அதிகச் சம்பளம் வாங்கும் கால்பந்து ஆட்டக்காரர் யார் என்று கேட்டிருந்தால், தெருவில் போகிற யாரும் மெஸ்ஸி என்றோ ரொனால்டோ என்றோ சொல்லியிருப்பார்கள். இரண்டு பேரும் இல்லை. கேமரூன் நாட்டு சாமுவேல் எட்டோ. எந்த அணி? அன்ஜி. எந்த ஊர்? மகாச்கலா. ஐரோப்பாவின் விளையாட்டு நிருபர்களில் பாதிப் பேர் அட்லஸைத் தேடி ஓட, மீதிப் பேர் அச்சுப்பிழை என்று நினைத்து டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

அச்சுப்பிழை இல்லை. ரஷ்யாவின் தெற்கு ஓரத்தில், காகசஸ் மலைக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே தாகெஸ்தான் என்று ஒரு குடியரசு இருக்கிறது. அதன் தலைநகர் மகாச்கலா. மலிவு விலை சோவியத் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு ரசூல் கம்சாதவ் என்ற கவிஞரின் பெயர் ஞாபகம் இருக்கலாம். அவருடைய மண் அது. முப்பதுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள், மலைக்கு மலை ஒரு மொழி, பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு ஒரு பழைய தகராறு.

இத்தனை பேரும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்று உண்டென்றால் அது மல்யுத்தம். 1996, 2004, 2008 என்று மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய புவைசார் சைத்தியெவ் பிறந்தது தாகெஸ்தானின் காசவ்யூர்த் நகரில்தான். அந்த ஊர்ப் பக்கம் குழந்தை தவழ ஆரம்பிக்கும்போதே எதிரில் இருப்பவரின் காலை எப்படி வாருவது என்று யோசித்துக்கொண்டுதான் தவழும். அப்படிப்பட்ட இடத்தில், காலை வாரினால் சிவப்பு அட்டை காட்டுகிற ஒரு விளையாட்டுக்குக் கிளப் ஆரம்பித்தவர்களின் துணிச்சலை முதலில் பாராட்ட வேண்டும்.

நாடு போனது, கிளப் வந்தது

ஆரம்பித்த வருஷம் 1991. சோவியத் யூனியன் கடையைக் கட்டிக்கொண்டிருந்த நேரம். டைனமோ மகாச்கலா என்ற பழைய அணிக்குக் கோல் மழை பொழிந்த அலெக்சாண்டர் மர்காரவும், பெட்ரோலியப் பொருள்கள் விற்கும் உள்ளூர் நிறுவனத்தின் தலைவர் மகமெத்-சுல்தான் மகமெதவும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். ஒருவரிடம் கால்பந்து இருந்தது, இன்னொருவரிடம் பெட்ரோல் இருந்தது. 1991இன் ரஷ்யாவில் ஒரு நிறுவனத்தைத் தொடங்க இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

முதல் வருஷம் தாகெஸ்தானுக்குள்ளேயே ஆடினார்கள். டிசம்பரில் சோவியத் யூனியன் இல்லாமல் போனது. புதிதாகப் பிறந்த ரஷ்யாவுக்குப் புதிதாக ஒரு லீக் வேண்டியிருந்தது, லீக்குக்கு அணிகள் வேண்டியிருந்தன. வல்லரசு ஒன்று நொறுங்கியதில் நேரடியாகப் பலனடைந்தவர்கள் பட்டியலை யாராவது தயாரித்தால், எண்ணெய் முதலாளிகளுக்குக் கீழே ஓரமாக அன்ஜியின் பெயரையும் எழுதலாம். 1992இல் கீழ் டிவிஷன் ஒன்றில் இடம் கிடைத்தது.

அடுத்த ஏழு வருஷம் மெதுவாகப் படியேறியதுதான் கதை. அந்த வருஷங்களின் நாயகன் இப்ராகிம் கசன்பெகவ் என்ற கோலடி மன்னன். அணி முதல் முறையாக மேல் டிவிஷனுக்கு முன்னேறிக்கொண்டிருந்த அதே 1999இல், ஜூலை மாதம், கார் விபத்தில் அவர் இறந்துபோனார். ஏற்றிவிட்டவர் இல்லாமலேயே அணி மேலே போய்ச் சேர்ந்தது.

காசில்லாத காலத்தின் கணக்கு

2000ஆம் ஆண்டு. ரஷ்யாவின் உச்ச டிவிஷனில் அன்ஜிக்கு முதல் சீசன். பயிற்சியாளர் காஜி காஜியெவ், தாகெஸ்தான்காரர். பேச ஆரம்பித்தால் தத்துவப் பேராசிரியர் வகுப்பெடுக்கிற தோரணை. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டியிருக்கும். மாஸ்கோ பத்திரிகைகள் வழக்கம்போல, ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போகட்டும் என்ற பெருந்தன்மையோடு வரவேற்றன.

போன வேகத்தில் அன்ஜி மூன்றாவது இடத்துக்குச் சண்டை போட்டது. வெண்கலப் பதக்கம் கடைசி ஆட்டம் வரைக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கடைசி ஆட்டம் மாஸ்கோவில், டார்பிடோவுக்கு எதிராக. அந்த ஆட்டத்தின் கடைசி நேரத்தில் நடுவர் ஒரு பெனால்டி கொடுத்தார். யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமா? டார்பிடோவுக்கு. அது கோலானது. டார்பிடோ மூன்றாவது, அன்ஜி நாலாவது. மாகாணத்துக் கிளப் தலைநகரத்துக்குப் போய்ப் பதக்கம் வாங்க முயன்றால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நேர்த்தியான பாடம் கிடைக்காது. மகாச்கலாவில் அந்த பெனால்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும், விவாதம் ஆறாது.

2001 ஜூனில் ரஷ்யக் கோப்பையின் இறுதிப் போட்டிக்கும் வந்தார்கள். எதிராளி லோகோமோட்டிவ் மாஸ்கோ. 1-1. கூடுதல் நேரத்திலும் முடிவு வரவில்லை. பெனால்டி ஷூட்-அவுட்டில் அன்ஜி தோற்றது. இந்த ஸ்கோரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே வருஷம் ஐரோப்பிய வாய்ப்பும் வந்தது. யூஏஃபா கோப்பையில் முதல் எதிரி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ். தாகெஸ்தானுக்குப் பக்கத்து வீடு செச்னியா. அங்கே போர். ரேஞ்சர்ஸ் வரைபடத்தைப் பார்த்தது, வரமாட்டோம் என்றது. யூஏஃபா உட்கார்ந்து யோசித்து, வீட்டில் ஒன்று வெளியில் ஒன்று என்ற வழக்கமே வேண்டாம், வார்சாவில் ஒரே ஒரு ஆட்டம் ஆடி முடித்துக்கொள்ளுங்கள் என்று தீர்ப்புச் சொன்னது. தாகெஸ்தானுக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையிலான வழக்கை போலந்தில் வைத்துத் தீர்த்தார்கள். நெதர்லாந்துக்காரரான பெர்ட் கான்டர்மன் தூரத்திலிருந்து ஒரு உதை விட்டார். 1-0. அன்ஜியின் முதல் ஐரோப்பியப் பயணம் தொண்ணூறு நிமிஷத்தில் முடிந்தது.

2002இல் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. மறுபடி மேலே வர ஏழு வருஷமானது. 2009இல் முதல் டிவிஷனை வென்று, 2010இல் மேலே ஆடி, 11ஆவது இடத்தில் நின்றார்கள். காஜியெவ் மறுபடியும் பயிற்சியாளர். மிச்சம் மீதி இல்லாத, கடனும் தலைக்கு மேல் போகாத நடுத்தரக் குடும்பத்து வாழ்க்கை. இங்கேயே கதை நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

வந்தார் வள்ளல்

2011 ஜனவரியில் கிளப்பை சுலைமான் கெரிமவ் வாங்கினார். தாகெஸ்தானின் தெர்பெந்த் நகரில் 1966இல் பிறந்தவர். நாடாளுமன்ற மேலவையில் தாகெஸ்தானின் பிரதிநிதி. பேட்டி கொடுப்பதென்றால் அவருக்கு வேப்பங்காய். சொத்துக் கணக்கு டாலரில், நூறு கோடிகளில். அதற்கு முந்தைய வருஷம்தான் உரல்காலி என்ற நிறுவனத்தில் பெரிய பங்கு வாங்கியிருந்தார். உரல் மலைப் பக்கம், பெர்ம் பிரதேசத்தில் பூமியைத் தோண்டிப் பொட்டாஷ் எடுக்கும் நிறுவனம் அது. ஆமாம், நம் ஊர் உரக்கடையில் யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் சிவப்பாக இருக்குமே, அதே பொட்டாஷ். உலகத்து வயல்களெல்லாம் கொடுத்த காசு மகாச்கலா மைதானத்தில் வந்து கொட்டப்போகிறது.

முதலில் வந்தவர் ரொபர்ட்டோ கார்லோஸ். 2002இல் பிரேசிலுக்காக உலகக் கோப்பை வென்றவர். வளைத்து அடிக்கிற ஃப்ரீ கிக்குக்கு இயற்பியல் ஆராய்ச்சியாளர்களையே கட்டுரை எழுதவைத்தவர். வரும்போது வயது 37. ஏப்ரலில் பிறந்தநாள் வந்தபோது கெரிமவ் அவருக்கு ஒரு புகாட்டி வெய்ரான் காரைப் பரிசாகக் கொடுத்தார் என்று பத்திரிகைகள் எழுதின. மணிக்கு 400 கி.மீ. ஓடக்கூடிய கார். மகாச்கலாவின் சாலைகளில் அதை எங்கே ஓட்டுவது என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

அந்த வருஷத்தில் வேடிக்கை இல்லாத பக்கம் ஒன்றும் இருக்கிறது. மார்ச்சில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு ரசிகர் ரொபர்ட்டோ கார்லோஸை நோக்கி வாழைப்பழத்தை நீட்டினார். ஜூனில் சமாராவில் ஆட்டத்தின் நடுவிலேயே அவர் மேல் பழத்தை எறிந்தார்கள். அவர் அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, மைதானத்தை விட்டு வெளியே நடந்தார். அப்போது அன்ஜி மூன்று கோல் முன்னணியில் இருந்தது. அவமானப்பட்டது அவரல்ல, அந்த அரங்கம்.

அவரைத் தொடர்ந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பெல்ஜியத்திலிருந்து முபாரக் பூசூஃபா, பிரேசிலிலிருந்து ஜுசிலெய், செல்சியிலிருந்து யூரி ஜிர்கவ், ஹங்கேரியின் பலாஷ் ஜுஜாக். கடைசியாக ஆகஸ்டில், இன்டர் மிலானிலிருந்து எட்டோ. வரி போக ஆண்டுக்கு 2 கோடி யூரோ சம்பளம் என்று செய்தி. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 55,000 யூரோ. எட்டு மணி நேரம் தூங்கினால் அந்தத் தூக்கத்துக்கு மட்டும் 18,000 யூரோ.

தூக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. எட்டோ தூங்கியது மகாச்கலாவில் இல்லை.

வீடு ஓரிடம், ஆட்டம் ஓரிடம்

அந்தக் காலத்தில் தாகெஸ்தானில் குண்டுவெடிப்பும் துப்பாக்கிச் சூடும் அடிக்கடி நடக்கும். ஆகவே கோடீஸ்வர ஆட்டக்காரர்கள் எல்லோரும் மாஸ்கோவில் குடியிருந்தார்கள். பயிற்சி மாஸ்கோவுக்கு வெளியே கிரத்தவோ என்ற இடத்தில். மகாச்கலாவுக்கும் அதற்கும் இடையே ஆகாய மார்க்கமாக ஏறத்தாழ 1,600 கி.மீ.

உள்ளூரில் ஆட்டம் என்றால் நடைமுறை இதுதான். மாஸ்கோவில் விமானம் ஏறுவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பறந்து காஸ்பியன் கரையில் இறங்குவார்கள். போலீஸ் வண்டி முன்னும் பின்னும் வர, பேருந்தில் அரங்கத்துக்குப் போவார்கள். ஆடுவார்கள். குளிப்பார்கள். விமானம் ஏறி மாஸ்கோவுக்குத் திரும்புவார்கள். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு, தீபாவளிக்கு வந்து தலை காட்டிவிட்டு ராத்திரி பஸ்ஸிலேயே திரும்பிவிடும் மாப்பிள்ளை மாதிரி. மாமனார் வீட்டில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. வந்ததே பெரிது என்று வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள்.

இதிலே ஒரு கணக்கு வேடிக்கை உண்டு. மாஸ்கோ அணிகளோடு மாஸ்கோவில் ஆடும்போது, அன்ஜிக்காரர்கள் பேருந்தில் போய் ஆடிவிட்டு வீட்டில் சாப்பிடுவார்கள். சொந்த மைதானத்தில் ஆடத்தான் போக வர 3,200 கி.மீ. அலைய வேண்டும். சொந்த ஊர் ஆட்டத்தால் களைத்துப்போன ஒரே அணி உலகத்தில் இதுவாகத்தான் இருக்கும்.

ஐரோப்பியப் போட்டிகளுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. தாகெஸ்தானில் ஆடக்கூடாது என்று யூஏஃபா சொல்லிவிட்டதால் அன்ஜியின் 'சொந்த' ஆட்டங்கள் மாஸ்கோ வட்டாரத்திலேயே நடந்தன. மகாச்கலா மக்கள் தங்கள் அணி ஐரோப்பாவில் ஆடியதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள்.

கெரிமவ் ஊருக்கு எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். பக்கத்து நகரமான காஸ்பியிஸ்கில் இருந்த அரங்கத்தைப் புதுப்பித்து, 2013இல் 'அன்ஜி அரினா' என்ற பெயரில் திறந்தார்கள். சிறுவர்களுக்கு அகாடமி வந்தது. எட்டோவின் பெயர் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் பந்து உதைத்த பையன்களின் சந்தோஷத்துக்கு யாரும் விலை போட முடியாது. மற்ற எல்லாவற்றுக்கும் கெரிமவ் விலை போட்டார்.

பயிற்சியாளர் நாற்காலி

காசு வந்த இடத்தில் அவசரமும் வந்தது. 2011 செப்டம்பரில் காஜியெவை வீட்டுக்கு அனுப்பினார்கள். தற்காலிகமாக ரொபர்ட்டோ கார்லோஸே பொறுப்பேற்றார். பின்னால் ஆந்த்ரேய் கர்தேயெவ் பார்த்துக்கொண்டார். டிசம்பர் கடைசியில் யூரி கிரஸ்னஜான் வந்தார். பிப்ரவரி நடுவில் போனார். அவர் இருந்த காலத்தில் ஒரு அதிகாரபூர்வ ஆட்டம்கூட நடக்கவில்லை. அன்ஜியின் வரலாற்றில் தோல்வியே காணாத பயிற்சியாளர் என்ற பெருமை அவருக்கு உண்டு.

2012 பிப்ரவரியில் கஸ் ஹிட்டிங்க் வந்தார். 2002இல் தென் கொரியாவை உலகக் கோப்பை அரையிறுதிக்கும், 2008இல் ரஷ்யாவை யூரோ அரையிறுதிக்கும் கொண்டுபோனவர். செப்டம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவே அந்த நாற்காலியில் ஐந்தாவது பெயர். இவர் உட்கார்ந்ததும் நாற்காலி ஆடுவது நின்றது. அந்த நீண்ட 2011-12 சீசனில் அன்ஜி ஐந்தாவது. அடுத்த சீசனுக்கு ரியல் மாட்ரிட்டிலிருந்து லசானா டியாரா, குபான் கிளப்பிலிருந்து 2 மீட்டருக்கும் மேல் உயரமான லசினா டிராவோரே. 2013 தொடக்கத்தில் ஷக்தாரிலிருந்து பிரேசிலின் வில்லியன், 3.5 கோடி யூரோவுக்கு.

இந்த அணி நிஜமாகவே நன்றாக ஆடியது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2012 நவம்பரில், யூரோப்பா லீகில், மாஸ்கோவில் லிவர்பூலை 1-0 என்று தோற்கடித்தார்கள். கோல் டிராவோரே. குழுவில் இரண்டாமிடம். அடுத்து ஜெர்மனியின் ஹனோவர் காலி. அதற்கடுத்து நியூகாஸில்.

முதல் ஆட்டம் மாஸ்கோவில் 0-0. இரண்டாவது இங்கிலாந்தில், 2013 மார்ச் 14. அன்ஜியின் கார்செலா சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். பத்துப் பேரோடு நின்று சமாளித்தார்கள். 90 நிமிஷமும் 0-0. கூடுதல் நேரத்துக்கு எல்லோரும் மனதளவில் தயாராகிவிட்டார்கள். 93ஆவது நிமிஷம் பெட்டிக்குள் ஒரு பந்து பறந்து வந்தது. பாபிஸ் சிஸ்ஸே தலையைக் கொடுத்தார். வலை ஆடியது. டார்பிடோ பெனால்டியை மறக்காத மகாச்கலாவுக்குக் கடைசி நிமிஷம் என்பது புதிய எதிரி இல்லை.

லீகில் மூன்றாவது இடம். வெண்கலம் ஒருவழியாக வந்து சேர்ந்தது. 2013 ஜூன் 1ஆம் தேதி கோப்பையின் இறுதிப் போட்டி, கிரோஸ்னியில். செச்னியா பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வார்சாவுக்கு விரட்டப்பட்ட அணி, இப்போது செச்னியாவின் தலைநகரிலேயே இறுதிப் போட்டி ஆடியது. எதிராளி சிஎஸ்கேஏ மாஸ்கோ. 1-1. கூடுதல் நேரத்திலும் முடிவில்லை. பெனால்டி ஷூட்-அவுட். தோல்வி.

பொட்டாஷ் செய்த வேலை

2013 கோடை. அன்ஜி மறுபடி கடைக்குப் போனது. ஜெனித்திலிருந்து இகர் தெனீசவ். டைனமோ மாஸ்கோவிலிருந்து அலெக்சாண்டர் கக்கோரின், 1.9 கோடி யூரோவுக்கு. கிறிஸ்டஃபர் சாம்பா என்ற தடுப்பாட்டக்காரர் ஜனவரியில்தான் அன்ஜியிலிருந்து இங்கிலாந்தின் க்யூபிஆருக்குப் போயிருந்தார். ஜூலையில் அவரையே திருப்பி வாங்கினார்கள். விற்ற பொருளை ஆறு மாசம் கழித்து ஏறக்குறைய அதே விலைக்குத் திரும்ப வாங்குவது வியாபார சாஸ்திரத்தில் எங்கும் இல்லை.

ஜூனில் ஒப்பந்தத்தை நீட்டித்த ஹிட்டிங்க், ஜூலை 22ஆம் தேதி, சீசனில் இரண்டே ஆட்டம் முடிந்திருந்தபோது ராஜினாமா செய்தார். அவருக்கு எங்கிருந்தோ காற்று வாக்கில் ஏதோ எட்டியிருக்க வேண்டும். மான்செஸ்டர் யுனைடெட்டில் அலெக்ஸ் ஃபெர்குசனுக்கு உதவியாக இருந்த ரெனே மியூலென்ஸ்டீன் பொறுப்புக்கு வந்தார்.

ஜூலை 30. உரல்காலி நிறுவனம், பெலாரஸோடு கூட்டாக நடத்திவந்த பொட்டாஷ் விற்பனை ஏற்பாட்டிலிருந்து விலகுவதாக அறிவித்தது. உலகத்துப் பொட்டாஷ் விலையைக் கட்டுக்குள் வைத்திருந்த கூட்டு அது. உடைந்ததும் விலை விழும் என்று சந்தை பயந்தது. உர நிறுவனங்களின் பங்குகள் ஒரே நாளில் சரிந்தன, உரல்காலியின் பங்கு உட்பட. ஆகஸ்ட் கடைசியில் பேச்சுவார்த்தைக்கு மின்ஸ்க் போன உரல்காலியின் தலைமை நிர்வாகியை பெலாரஸ் பிடித்து உள்ளே வைத்தது. கெரிமவ் மீதும் வழக்கு என்று அறிவித்தது.

பங்குகள் சரிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அன்ஜியில் வெட்டு விழுந்தது. ஆண்டுக்கு 18 கோடி டாலர் அளவில் இருந்த பட்ஜெட் 5 முதல் 7 கோடிக்கு இறங்குகிறது, நட்சத்திரங்களை விற்கிறோம் என்று சொன்னார்கள். உள்ளூர் இளைஞர்களை வளர்ப்பதுதான் இனி லட்சியமாம். காசு தீரும்போதெல்லாம் உள்ளூர் இளைஞர்கள் ஞாபகத்துக்கு வருவது எல்லா நாட்டு வழக்கம்தான்.

மியூலென்ஸ்டீன் ஆண்ட காலம் 16 நாள். அவர் இடத்துக்கு யார் வந்தார் தெரியுமா? காஜி காஜியெவ். போன மச்சான் திரும்பி வந்தான், பூமணத்துக்குப் பதிலாகக் கணக்கு வழக்கோடு.

ஆகஸ்ட் மாதம் முழுக்கத் தள்ளுபடி விற்பனை. எட்டோ செல்சிக்குப் போனார், மாற்றுத் தொகை எதுவும் இல்லாமல். வில்லியன், டாட்டன்ஹாமில் மருத்துவப் பரிசோதனை வரைக்கும் போய்விட்டு, பாதையை மாற்றி அவரும் செல்சியில் இறங்கினார். அன்ஜிக்காக அவர் ஆடிய ஆட்டங்களைக் கைவிரலோடு கால்விரலும் சேர்த்தால் எண்ணிவிடலாம். டியாரா லோகோமோட்டிவுக்கு. ஜிர்கவ், தெனீசவ், சாம்பா எல்லோரும் டைனமோ மாஸ்கோவுக்கு.

கக்கோரின் கதையைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். டைனமோ மாஸ்கோ அவரை ஜூலையில் அன்ஜிக்கு விற்றது. வந்தவருக்குக் காயம். காயம் ஆறுவதற்குள் கிளப்புக்குப் பெரிய காயம். ஆகஸ்டில் டைனமோவே அவரைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அன்ஜிக்காக அவர் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. காகிதத்தில் 3,200 கி.மீ. பயணம் செய்து, கிளம்பின இடத்திலேயே வந்து நின்றார். ஆள் அநேகமாக மாஸ்கோவைத் தாண்டியிருக்கவே மாட்டார்.

2013-14 சீசன் உலக அதிசயம். லீகில் 30 ஆட்டம், 3 வெற்றி, கடைசி இடம். அதே அணி, அதே சீசனில், யூரோப்பா லீகில் கடைசிப் பதினாறு அணிகளுக்குள் ஒன்று. பெல்ஜியத்தின் ஹெங்கை வெளியேற்றிவிட்டு, நெதர்லாந்தின் ஏஇசட் அல்க்மாரிடம் ஒரே ஒரு கோலில்தான் தோற்றார்கள். ஐரோப்பாவில் மார்ச் வரைக்கும் தாக்குப்பிடித்த கிளப், மே மாதம் ரஷ்யாவின் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

இதோடு ஒரு ஒப்பீட்டையும் முடித்துவிடலாம். கெரிமவுக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் உரல்காலியை விற்றவர் திமித்ரி ரிபலோவ்லெவ். விற்றபின் 2011 டிசம்பரில் அவரும் ஒரு கால்பந்து கிளப் வாங்கினார், பிரெஞ்சு லீகில் ஆடும் மொனாக்கோ. 2017இல் மொனாக்கோ பிரான்ஸ் சாம்பியன் ஆனது. அன்ஜியில் லிவர்பூலுக்கு எதிராகக் கோல் அடித்த டிராவோரேயும் 2014 ஜனவரியில் அங்கேதான் போய்ச் சேர்ந்தார். உரத்தை விற்று வாங்கிய கிளப் செழித்தது. உரத்தை வாங்கிவிட்டு வாங்கிய கிளப் பட்டுப்போனது.

மெல்ல மெல்ல மூடிய கடை

மிச்சக் கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 2015இல் மறுபடி மேலே வந்தார்கள். 2016 டிசம்பரில் கெரிமவ் கிளப்பை ஒஸ்மான் கதியெவ் என்பவருக்குக் கைமாற்றிவிட்டு நகர்ந்தார். அதற்கப்புறம் அன்ஜியைப் பற்றி வந்த செய்தியெல்லாம் சம்பள பாக்கி.

2018இல் தகுதிச் சுற்றில் தோற்றுக் கீழே போக வேண்டியவர்கள். போகவில்லை. பெர்ம் நகரத்தின் அம்கார் கிளப் கடன் தாங்காமல் கலைந்துபோக, அந்தக் காலியிடம் அன்ஜிக்குக் கிடைத்தது. அம்கார் யார் ஆரம்பித்த கிளப்? பெர்மின் உரத் தொழிற்சாலைக்காரர்கள் 1994இல் ஆரம்பித்தது. எந்த பெர்ம்? உரல்காலி பொட்டாஷ் தோண்டும் அதே பெர்ம் பிரதேசம். உரம் தள்ளிவிட்ட அன்ஜியை, இன்னொரு உரக் கிளப் செத்துக் காப்பாற்றியது. நாவலில் இப்படி எழுதினால் வெட்டிவிடச் சொல்வார்கள்.

காப்பாற்றியது ஒரு வருஷத்துக்குத்தான். 2019இல் கீழே இறங்கினார்கள். அடுத்த டிவிஷனில் ஆட உரிமம் கிடைக்காததால் அதற்கும் கீழே, மூன்றாம் நிலைக்குப் போனார்கள். 2022இல் அந்த உரிமமும் கிடைக்கவில்லை. முப்பத்தோரு வருஷத்துக் கிளப் அத்தோடு முடிந்தது.

மகாராஜாக்கள் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. எட்டோ 2021 டிசம்பரில் கேமரூன் கால்பந்து சம்மேளனத்தின் தலைவரானார். ரொபர்ட்டோ கார்லோஸ் 2015இல் நம் நாட்டுக்கே வந்து டெல்லி டைனமோஸ் அணிக்குப் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் இருந்தார். ஐஎஸ்எல்லில் சென்னையின் எஃப்சியோடு அவருடைய அணி மோதியது. புகாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்ததாகத் தகவல் இல்லை.

மகாச்கலாவும் பந்து உதைப்பதை நிறுத்திவிடவில்லை. பழைய டைனமோ மகாச்கலாவின் பெயரில் 2021இல் ஒரு கிளப்பைப் புதிதாகத் தொடங்கினார்கள். 2024இல் அது பிரீமியர் லீகுக்கு வந்துவிட்டது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். காசில்லாத காஜியெவின் அணி 2000இல் நாலாவது இடம். 2001 கோப்பை இறுதிப் போட்டியில் 1-1, பெனால்டியில் தோல்வி. எட்டோவும் வில்லியனும் டியாராவும் ஹிட்டிங்கும் இருந்த அணி 2013இல் மூன்றாவது இடம். கோப்பை இறுதிப் போட்டியில் 1-1, பெனால்டியில் தோல்வி. பல கோடி யூரோ செலவு செய்து கெரிமவ் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு இடம். அதுவும் டார்பிடோவுக்கு அந்த பெனால்டி கிடைக்காமல் இருந்திருந்தால் இலவசமாகவே கிடைத்திருக்கும்.

ஆகவே மகாஜனங்களே, நாளைக்கு உங்கள் ஊர் அணியையும் ஒரு கோடீஸ்வரர் வாங்க வரலாம். மாலை போடுங்கள், மேளம் அடியுங்கள், தப்பில்லை. கையெழுத்துக்கு முன்னால் இரண்டே கேள்வி கேட்டுவிடுங்கள்: ஆட்டக்காரர்கள் ராத்திரி எந்த ஊரில் தூங்குவார்கள்? நீங்கள் என்ன வியாபாரம் செய்கிறீர்கள், அதன் விலை அடுத்த வருஷமும் இப்படியே இருக்குமா? இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால், காஜியெவின் போன் நம்பரை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.